அன்செல்மின் விஸ்டீரியா

மே மாத நடுவில் கடைசிப் பனி ஒருமுறை மிரட்டிவிட்டுப் போன பிறகுதான் எங்கள் பிரெஞ்சுக் கிராமமான வெர்னுவாவில் செடிச் சந்தை கூடும். தேவாலயத்துக்கு முன்னால், லிண்டன் மரத்தடியில் என் ஆட்டுப்பால் சீஸ் கடை. பக்கத்தில் சபீனின் செடிக்கடை. அவளோடு சண்டை போடுவதற்காகவே வருஷா வருஷம் ஒருவர் வருவார். அன்செல்ம், கூரை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பல வருஷங்களுக்கு முன், வீட்டுச் சுவரில் படரவிட அவளிடம் விஸ்டீரியா என்ற பூங்கொடி ஒன்று வாங்கியிருந்தார். அது பூக்கவேயில்லை.

"என்ன மேடம், இந்த வருஷம் எத்தனை பேர ஏமாத்துனீங்க?"

"வாங்க அன்செல்ம். இன்னுமா பூக்கல?"

"இலைதான் காடா கெடக்கு. நீங்க வித்தது விஸ்டீரியாவா, வேலிக்கொடியா?"

"தினம் போய் மொறச்சா எப்படிப் பூக்கும்? நீலமா, கொத்துக் கொத்தா தொங்கும். பொறுங்க."

"நான் சாகறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். என் கடையில் ஒரு துண்டு சீஸை ஓசியில் தின்றுவிட்டு, திருப்தியாகக் கிளம்பிப் போவார்.

இந்த வசந்தத்தில் அவர் வரவில்லை. சபீன் ஜெரேனியம் தொட்டிகளை அடுக்குவதும் தெருமுனையைப் பார்ப்பதுமாக இருந்தாள். மதியம் அவருடைய மனைவி போலெத் மட்டும் வந்தார். காலிக் கூடையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார்.

"பூத்துருச்சு சபீன். சொவரே தெரியல."

"ஐயோ, அதச் சொல்ல அவரில்ல வரணும்! எங்க அவரு?"

"ஆஸ்பத்திரில. பூத்த மறுவாரம் பக்கவாதம் வந்துருச்சு. காலு பரவால்ல. பேச்சுதான்... முயற்சி பண்ணா வரும்னு டாக்டர் சொல்றாரு. இவரு வாயே தெறக்க மாட்டேங்கறாரு. பேச்சு சொல்லித்தர வர்ற பொண்ணு முன்னாடி சொவர் பக்கம் திரும்பிக்கறாரு. வாய் கோணி நிக்கறத யாரும் பாக்கக் கூடாதாம்."

சபீன் கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். என்னைப் பார்த்து, "கடைய மூடு. உன் வண்டிய எடு" என்றாள். சந்தையில் அதுதான் நல்ல வியாபார நேரம். ஆனாலும் கடையை மூடிவிட்டு, போலெத்தையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வண்டியை விட்டேன்.

ஜன்னலோரம் நாற்காலியில் அன்செல்ம் மெலிந்துபோய் உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சபீன் ஆறுதல் எதுவும் சொல்லாமல் அவர் எதிரே கட்டிலில் போய் உட்கார்ந்தாள்.

"மன்னிப்புக் கேப்பீங்கன்னு வந்தேன். ஊரு முன்னாடி என்னை எவ்வளவு பேசுனீங்க! இப்ப பூத்துருச்சுல்ல? சொன்ன மாதிரியே நீலமா?"

அவர் சட்டென்று திரும்பினார். கண்ணில் கோபம். உதடு ஒரு பக்கமாக இழுத்தது.

"வெ..."

"என்ன வெ? நீலம்தான? ஒத்துக்கோங்க."

"வெ... வெள்ள!" நாற்காலியின் கைப்பிடியில் ஒரு குத்துக் குத்தினார். "வெள்ள! வெள்ள!"

சபீன் திரும்பி போலெத்தைப் பார்த்தாள்.

"ஆமாம்மா, வெள்ளதான். சொல்லவே மறந்துட்டேன்," என்று சொன்ன போலெத் அப்போதுதான் அழத் தொடங்கினார்.

"தப்பான செடியக் கொடுத்திருக்கேனா? இத்தன வருஷமா நீலம் நீலம்னு..." சபீனின் முகம் சிவந்துவிட்டது. "வேற தர்றேன் அன்செல்ம். சத்தியமா நீலம்."

"வே... ணாம்." அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறினேன். இல்லை, சிரித்துக்கொண்டிருந்தார். கோணிய வாயை மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண்ணை அவர் உட்காரச் சொல்லிக் கை காட்டியிருக்கிறார். கோடையின் முடிவில் வீடு திரும்பினார். நீளமான வாக்கியங்கள் இன்னும் பாதியில் நின்றுவிடுகின்றன. போலெத் அவசரப்படுத்தாமல் காத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் சபீன் அங்கே சாப்பிடப் போகிறாள். சூப்பில் உப்பு கூடவா குறைவா என்று மூவரும் சண்டை போடுகிறார்கள்.