ராணியம்மாள் ஊற்றிய குடம்

இந்த வருஷத் திருவிழாவில் அம்மன் பல்லக்கு தங்கள் தெருவுக்குள் வராமல் முனையோடு திரும்பிப் போனதை ராணியம்மாளால் ஜீரணிக்கவே முடியவில்லை. யாரைத் திட்டுவது? காரணம் அவள் புருஷன் பச்சமுத்துதான். முந்தின சித்திரைத் திருவிழாவில் பல்லக்குக்கு முன்தோள் கொடுத்து வந்த மனுஷன், சொந்த வாசலிலேயே, அவள் ஊற்றி ஊற்றிப் பாசி பிடித்துக் கிடந்த பாத்திரம் கழுவிய தண்ணீரில் வழுக்கி உட்கார்ந்தான். அம்மன் சாய்ந்ததில் ஊரே அலறிவிட்டது.

தர்மகர்த்தா வேதகிரி கறாராகச் சொல்லிவிட்டார். "அடுத்த திருவிழாவுக்குத் தெரு காஞ்சி கெடந்தா, அம்மன் வரும். சேறா கெடந்தா, இனிமே எப்பவும் முனையோட சரி."

பத்து வீட்டுக் கழிவுநீரும் நடுத்தெருவில் ஓடும்போது எங்கே காய்வது? ராணியம்மாள் யூனியன் ஆபீஸுக்கு நடையாய் நடந்து, ஓவர்சியர் ஏசுதாஸைச் சைக்கிளோடு இழுத்து வந்தாள். வீட்டோரமாகச் செங்கல் வாய்க்கால், சோறும் எண்ணெயும் தங்க ஒரு தொட்டி, அதைத் தாண்டி ஜல்லியும் மணலும் நிரப்பிய குழி, குழி மேல் கல்வாழைச் செடி என்று அவர் வழி சொன்னார். "அழுக்கை ஜல்லியும் வேரும் புடிச்சிக்கும்மா. அந்தாண்ட வர்ற தண்ணி தென்னைக்குப் பாயும்."

குழியை யார் கொல்லையில் தோண்டுவது என்றதும் ஆளாளுக்குக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பள்ளத்தில் இருந்த கடைசி வீட்டுக்காரி ராணியம்மாள் தன் கொல்லையைக் காட்டினாள்.

"ஊரு சாக்கடையெல்லாம் நம்ம வூட்டுக்கா? உனக்கு இன்னா பைத்தியமா?" என்று பச்சமுத்து குதித்தான்.

"நீ வுழுந்ததுக்குத்தான்யா இந்தப் பைத்தியம். கடப்பாரைய எடு."

வாய்க்காலும் குழியும் முடிந்தபிறகு, தெருவில் யாரையும் வாய் கொப்பளித்துத் துப்பக்கூட ராணியம்மாள் விடவில்லை. "இன்னாக்கா, தும்மினாலும் வாய்க்கால்லதான் தும்மணுமா?" என்றாள் பக்கத்து வீட்டுத் தேவகி. ஆனால் நாற்றம் போய்க் கல்வாழை சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்தபோது, முதல் பூவைப் பறித்துத் தலையில் வைத்துக்கொண்டவளும் தேவகிதான்.

திருவிழாவும் வந்தது. வீடு கழுவி, வாசல் கழுவி, எல்லோரும் எண்ணெய் தேய்த்துக் குளித்தார்கள். வருஷத்திலேயே அதிகத் தண்ணீர் அன்றுதான்! ராணியம்மாள் குழிக்கும் வாசலுக்குமாக ஓடினாள். வாய்க்கால் பொங்கிப் பாய்ந்தது. குழி அத்தனையையும் குடித்துவிட்டுச் சும்மா கிடந்தது.

தெருமுனையில் மேளம் நின்றது. வேதகிரி குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார். "வரலாம்!" என்றார்.

ஆடி அசைந்து வந்த அம்மன் கடைசி வீட்டு வாசலில் நின்றாள். அம்மன் நின்றால் தூக்குகிறவர்கள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும், அதுதான் வழக்கம். வேப்பிலை மிதக்கும் குடத்தோடு நின்ற ராணியம்மாளுக்குக் கை வரவில்லை. ஒரு சொட்டு விழாமல் காத்த தெருவில் அவளே ஊற்றுவதா? இன்னொரு தடவை வழுக்கினால் அம்மன் வரவே மாட்டாளே!

முன்தோளில் நின்ற பச்சமுத்து கத்தினான். "இன்னாடி பாத்துக்கினு கீற? காலு பொரியுது, ஊத்து!"

"ஊத்துக்கா! உன் வாய்க்கா எதுக்கு கீது?" என்றாள் தேவகி.

கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினாள். தண்ணீர் அவன் பாதத்தை நனைத்து, ஓரமாய்ச் சரிந்து, வாய்க்காலில் இறங்கிக் கல்வாழையைப் பார்த்து ஓடிப்போனது. பச்சமுத்து ஈரக்காலை அழுத்தி ஊன்றி ஓர் அடி வைத்தான். கால் வழுக்கவில்லை. ராணியம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"தேவகி, இன்னொரு குடம் கொண்டாடி!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த வேதகிரி, வேட்டியைத் தூக்கிப் பிடித்துத் தன் காலையும் நீட்டினார். "எனக்கும் கொஞ்சம் ஊத்தும்மா."