அந்தப் பலகையில் யாருடைய சூரை?

ஹதானோ என் தலையில் மிளகாய் அரைக்கிறார் என்ற சந்தேகம் எனக்கு அக்டோபரிலேயே வந்துவிட்டது. மீன் சந்தை தொயோசுவுக்கு மாறுவதற்கு முன்னாலிருந்தே இருபத்திரண்டு வருஷமாக என் கடையில் மட்டுமே சூரை மீன் எடுத்தவர். கின்சாவில் சோற்று உருண்டைமேல் பச்சை மீன் வைத்துத் தரும் அவருடைய சுஷி கடை என்றால் தோக்கியோவில் தெரியாத ஆள் இல்லை. 'ஹதானோ மீன் எடுக்கிற கடை' என்று சொல்லித்தான் மற்ற சமையல்காரர்கள் தொயோசு சந்தையில் என்னைத் தேடி வருகிறார்கள். அவர் போனால் ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் போவார்கள்.

வாரத்துக்கு மூன்று பெரிய துண்டு எடுத்தவர் திடீரென்று ஒன்றில் நின்றார். ஒரு வாரம் வயிற்றுப் பகுதி, ஒரு வாரம் முதுகு.

"கூட்டம் கொறஞ்சிடுச்சு, மொரிவாகி சான்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அவர் கடையில் எட்டே எட்டு நாற்காலி. அதற்கு மூன்று மாதம் முன்னாலேயே பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். கூட்டம் குறைந்துவிட்டதாம்! யார் காதில் பூ சுற்றுகிறார்? அதற்கடுத்த வாரமே எதிர் வரிசையில் நெகோரோவின் சூரைக் கடை முன்னால் அவர் குனிந்து மீன் பார்ப்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். நெகோரோ என்னைவிட இருபது வயது சின்னவன். எப்போது பார்த்தாலும் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பான். அன்று இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே காட்டினான்.

அன்றைக்கே என் மனைவி கிக்குயேவின் பிறந்த வீட்டுப் பெயரில் ஹதானோ கடையில் இரண்டு இடம் கேட்டேன். ஜனவரியில், சந்தை விடுமுறையான ஒரு புதன்கிழமை மதியம் கிடைத்தது. மூன்று மாதம் அந்தச் சந்தேகத்தை வயிற்றில் சுமந்தேன்.

"கல்யாணமாகி முப்பது வருஷம். ஒரு நாள் அங்க கூட்டிட்டுப் போனதுண்டா?" என்றாள் கிக்குயே, சந்தில் நடக்கும்போது. "இப்பக்கூட எனக்காகவா கூட்டிட்டு வர்றீங்க? துப்பறிய வர்றீங்க."

"சும்மா வா. செண்டு கிண்டு போடலையே? மீன் வாசனை கெட்டுடும்."

"மீன்காரன் பொண்டாட்டிகிட்ட கேக்கற கேள்வியா இது?"

திரைத்துணியை விலக்கி உள்ளே போனோம். ஹதானோ நிமிர்ந்தார். கை ஒரு நொடி நின்றது. பிறகு தலை தாழ்த்தி வணங்கினார். "நீங்கதானா? சொல்லியிருக்கலாமே" என்றார். அவர் நின்று மீன் வெட்டிப் பரிமாறும் நீளப் பலகையின் கோடியில் எங்களை உட்காரவைத்தார். மற்ற ஆறு பேரும் ஏற்கெனவே சூடான துண்டில் கை துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் வெள்ளை மீன், பிறகு கணவாய். இரண்டும் நன்றாக இருந்தன. ஆனால் எனக்கு எதுவும் ருசிக்கவில்லை. அவர் காலடியில் இருந்த பனிப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்து வருவது யார் மீன் என்று தெரிந்தால் போதும்.

சோயா சாற்றில் ஊறிய செந்நிற முதுகுத்துண்டு வந்தது. வைத்த கையோடு எடுத்து வாயில் போட்டேன். சோற்றின் சூட்டில் மீன் இளகியது. இரும்பு வாசனை லேசாக எழுந்து, புளிப்பில் முடிந்தது. ஐயோ, எனக்கு எவ்வளவு நிம்மதி! கிக்குயேவை முழங்கையால் இடித்தேன்.

"எங்க மீன்! சத்தியமா எங்க மீன்! இந்தப் புளிப்பு வேற எவன் மீன்லயும் வராது!"

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. ஹதானோ நிமிரவில்லை. கத்தியைத் துடைத்தார். ஒருமுறை துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

அடுத்தது வயிற்றுப் பகுதி. நாக்கில் வைத்ததுமே எனக்குச் சுருக்கென்றது. கொழுப்பு கரைந்த விதமே வேறு. வாசனை கனமாக, முந்திரியை வறுத்த மாதிரி. என் கடையில் இப்படி ஒரு மீன் போனதே இல்லை. ஆகா, மாட்டிக்கொண்டார் கையும் களவுமாக!

"ஹதானோ சான், இது யார் மீன்?"

"என்னங்க..." கிக்குயே என் தொடையைக் கிள்ளினாள்.

"நீ சும்மா இரு. இருபத்திரண்டு வருஷம்! முதுகு என்கிட்ட, வயிறு அந்த நெகோரோகிட்ட! கூட்டம் கொறஞ்சிடுச்சுன்னு என்கிட்ட கூசாம சொன்னீங்களே!"

ஆறு பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். சமையல்காரரை அவருடைய பலகைக்கு முன்னாலேயே இப்படிக் கேட்ட ஆள் அந்தத் தெருவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தெரிந்தேதான் கேட்டேன். கோபம் அப்படி.

ஹதானோ குனிந்து பெட்டியிலிருந்து தாளில் சுற்றிய துண்டை எடுத்தார். தாளைப் பிரித்து, அதோடு இருந்த சின்னச் சீட்டை என் முன்னால் வைத்தார். என் கடையிலிருந்து போகிற ஒவ்வொரு துண்டோடும் நானே எழுதி வைக்கிற சீட்டு அது. ஓமா கடல், வயிறு, மேல் பாகம், தேதி. என் கோணல் கையெழுத்தேதான்.

"பதினாறு நாள் பனியில வச்சேன்" என்றார். "தினமும் தாள் மாத்தினேன். உங்க கடையில பாத்தப்ப இருந்த மாதிரி இப்ப இருக்காது. வயிறுன்னா நான் வேற யார்கிட்டயும் எடுக்கறதில்ல."

எனக்கு முகமெல்லாம் கொதித்தது. அவமானம் ஒரு பக்கம். ஆனால் உள்ளுக்குள் குதிக்காத குறை. என்னுடையதேதான்! எழுந்து நின்று, பலகையில் நெற்றி படும்படி குனிந்தேன்.

"மன்னிச்சிடுங்க. புத்தி கெட்டுப் பேசிட்டேன். அந்த நெகோரோ பயல் மீன்னு போய்..."

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். இறுக்கம் தளர்ந்தது. நானும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன். மூன்று மாத பாரம் இறங்கிவிட்டது.

கிக்குயே மட்டும் சிரிக்கவில்லை. சீட்டைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப முதல்ல வந்த முதுகுத்துண்டு?" என்றாள். "அதுக்கும் சீட்டு இருக்குமே, மாஸ்டர்?"

ஹதானோ கத்தியைக் கீழே வைத்தார். 

"அது நெகோரோவோடது" என்றார் மெதுவாக. "மூணு மாசம் ரெண்டு பேர் முதுகையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன். அவரோடது மேலா இருந்துச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. கூட்டம் கொறஞ்சிடுச்சுன்னு சொன்னது பொய்தான். மன்னிக்கணும்."

சந்தேகப்பட்டது சரியாகத்தான் இருந்தது. இப்போது கத்துவதற்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் எந்த வாயை வைத்துக்கொண்டு கத்துவது? இந்தப் புளிப்பு வேறு எவன் மீனிலும் வராது என்று ஆறு பேர் காதில் விழச் சொன்ன வாயாயிற்றே.

கிக்குயே தேநீர்க் கோப்பையை என் பக்கம் நகர்த்தினாள். வாயில் இருந்த கொழுப்பு போகும்வரை குடித்தேன்.

"ஹதானோ சான்" என்றேன். "அந்த முதல் துண்டு... இன்னொண்ணு வைங்க."

அவர் என்னை நேராகப் பார்த்தார், மூன்று மாதத்தில் முதல் தடவையாக. வெட்டினார், சோற்றோடு சேர்த்துப் பிடித்தார், வைத்தார்.

கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டேன். இரும்பு வாசனை எழுந்தது, புளிப்பில் முடிந்தது. யார் மீன் என்று தெரிந்த பிறகும், எங்கள் மீன் என்றுதான் என் நாக்கு சொன்னது.