கர்ப்பப்பைச் சூடு

மகளுக்குக் கல்யாணமான மறுநாளே அம்சவள்ளியின் பாயும் தலையணையும் அடுப்பங்கரைக்குப் போய்விட்டன. சோரியாங்குப்பத்தில் அதற்கு யாரும் சட்டம் போடவில்லை. மருமகன் வந்த வீட்டில் மாமியார் புருஷனோடு படுத்தால் ஊர் சிரிக்கும், அவ்வளவுதான். புருஷன் பலராமன் கூடத்தில் ஃபேனுக்கு அடியில் சுகமாகத் தூங்கினான். அவளுக்கு வயது நாற்பத்தொன்று.

கேடு என்னவென்றால், பதினெட்டு வயதில் கட்டிக்கொண்டு வந்தபோது இல்லாத ஆசை இப்போதுதான் வந்திருந்தது. அப்போதெல்லாம் வலி, பயம், எப்போது முடியும் என்கிற எண்ணம். மறுபடி உண்டாகிவிடுமோ என்ற கவலை வேறு. அதெல்லாம் ஒழிந்த பிறகு உடம்பு தானாக விழித்துக்கொண்டது. உடம்புக்கு ஊர் வழக்கம் தெரியுமா என்ன?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரத்தில், புருஷன் கையைப் பிடித்தாள். பலராமன் உதறினான்.

"இன்னாடி இது, பேரப்புள்ள எடுக்கப்போற வயசுல? எவன்கிட்டடி கத்துகினே?"

அன்றிலிருந்து அவள் செல்போன் அவன் சட்டைப்பையில். பாகூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவளை நிறுத்தினான். அடிக்கவும் அடித்தான், வெளியே தெரியாத இடமாகப் பார்த்து. அடியைக்கூடத் தாங்கிக்கொண்டாள். "உம் பொண்ணு மாமியார் வூட்ல போய்ச் சொல்றேன் இரு" என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. சொன்னால் மகள் அங்கே எந்த முகத்தோடு இருப்பாள்?

பலராமனின் அக்கா உஷாராணிதான் வழி காட்டினாள்.

"எல்லாம் கர்ப்பப்பை சூடு அம்சா. எடுத்துட்டா அடங்கிடும். நானும்தான் எடுத்துகினேன், எனக்கு இன்னா கொறஞ்சி போச்சி? மாசத்துல இருபது நாளு ரத்தம் போவுதுன்னு டாக்டர்கிட்ட சொல்லு."

மாதம் தவறாமல் வந்து மூன்றே நாளில் நின்றுவிடும் உடம்பு அம்சவள்ளிக்கு. இருந்தும் கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அப்படியே சொன்னாள். ஸ்கேனில் சின்னதாக ஒரு கட்டி தெரிந்தது, மாத்திரையிலேயே பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. "வேணாம்மா, எடுத்துடுங்க" என்று அம்சவள்ளியே கெஞ்சினாள். ஆசை தொலைந்தால் மகள் மானம் பிழைக்கும் என்று நம்பினாள், பாவம்.

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியதும் பலராமன் மாறித்தான் போனான். போனைத் திருப்பிக் கொடுத்தான். ஆப்பிள் வாங்கிவந்து நறுக்கிக்கூடக் கொடுத்தான். மூன்றாம் மாதம் ஒருநாள், குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்த அவன் முதுகைப் பார்த்தாள். அதே ஆசை, ஒரு சிட்டிகைகூடக் குறையாமல். அடுப்பங்கரைக்குள் போய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். ஒன்றுமில்லாததற்கு வயிற்றைக் கிழித்துக்கொண்டோமே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"இப்ப எப்பிடிடி இருக்குது?" என்று உஷாராணி கேட்டபோது, "அடங்கிடிச்சி அண்ணி" என்றாள். வேறென்ன சொல்ல முடியும்? அந்த ஒரு பேச்சை உஷாராணி தெருத்தெருவாகக் கொண்டுபோனாள்.

ஒருநாள் காலை எதிர்வீட்டுக் கல்பனா வந்தாள். முப்பத்தாறு வயது. கன்னம் வீங்கியிருந்தது. வாசலில் அவள் புருஷன் மணிவண்ணன் பைக்கை அணைக்காமல் பலராமனோடு பேசிக்கொண்டிருந்தான்.

"அக்கா, எங்க வூட்டு ஆளு ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவுது. நெசமாவே அடங்கிடுமா? நீ சொன்னாதான் போவேன்."

அம்சவள்ளி வாசலைப் பார்த்தாள். பலராமன் பேச்சை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் திரும்பியிருந்தான். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் கல்பனா தப்பிப்பாள். இவளுக்கு எல்லாம் முதலிலிருந்து தொடங்கும், மகளுக்கும் சேர்த்து.

"அடங்கிடும்" என்றாள். "மூணாம் நாளே நடக்க வெச்சிடுவாங்க. பயப்படாம போ."

தெரிந்தே செய்த பாவம். வாயை மூடும் முன்பே அவளுக்கு அது தெரிந்தது. கல்பனா கண்ணைத் துடைத்துக்கொண்டு பைக்கில் ஏறினாள். தெருமுனை திரும்பும்வரை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அக்காவே சொல்லிவிட்டாள், அவளுக்கு அது போதும்.