அழகம்மா அத்தையின் ஈரக்கால்

நிரோஷனை எனக்குப் பிடித்திருந்தது. அவனுக்கும் என்னைப் பிடித்திருந்தது. அவனுடைய அம்மா அழகம்மாவுக்குத்தான் என் உள்ளங்காலைப் பிடிக்கவில்லை.

அவர்கள் பெண் பார்க்க எங்கள் லயத்து வீட்டுக்கு வந்த அன்று மழை. நான் வாசல் பீலித் தண்ணீரில் கால் கழுவிவிட்டு உள்ளே வந்ததில் சீமெந்துத் தரையில் தடம் விழுந்துவிட்டது. நடுவில் வளைவே இல்லை, ரொட்டி தட்டிப் போட்டது மாதிரி முழுத்தடம். அழகம்மா அத்தை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"முழுப் பாதமும் தரையில படியிற பொண்ணு மிதிச்சா வீடு வெளங்காதுங்க" என்று என் அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். கல்யாணப் பேச்சு அந்தரத்தில் நின்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மலையேறிக் கொழுந்து பறிக்கிற காலில் வளைவு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

அந்தச் சமயத்தில்தான் ஜெயந்தினி எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தாள். நோர்வூட்காரி, கெம்பஸில் படிக்கிறவள். நடக்கும்போது ஆளுக்கு ஆள் உள்ளங்கால் வளைவு எப்படி மாறுகிறது என்று அளக்கிறாளாம். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் தொட்டில்களை ஓரம் தள்ளி, நீளப் பலகை ஒன்றைப் போட்டு, பக்கத்தில் கேமராவை வைத்தாள். எங்கள் காலின் உட்புறத்தில் கறுப்புப் புள்ளிகளை ஒட்டி நடக்கச் சொன்னாள்.

நாங்கள் மலையிலிருந்து நேரே வந்திருந்தோம். அட்டை ஏறாமலிருக்கக் காலெல்லாம் துணி துவைக்கிற சவுக்காரம் பூசியிருந்தோம். கழுவ யாருக்கும் தோன்றவில்லை. ஒட்டிய புள்ளியெல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. யூஜினா அக்காவின் புள்ளியைத் தேடினால் அது ஜெயந்தினியின் முழங்கையில் இருந்தது. ஆளாளுக்குச் சிரித்து, பலகையில் நேராக நடக்க ஒருவராலும் முடியவில்லை. பாவம், அவள் ஒவ்வொரு காலாகத் துடைத்துத் துடைத்து ஒட்டினாள்.

என்னை அளந்துவிட்டு, "நின்னாலும் நடந்தாலும் ஒங்க கால் ஒரே மாதிரிங்க நாகலெட்சுமி, தட்டைதான்" என்றாள்.

"அதத்தான் நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார் வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற அழகம்மா அத்தை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பலகையில் ஏறி நின்றார். நிற்கும்போது பார்த்தால் வளைவு அழகாகத்தான் இருந்தது. அத்தை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தார்.

ஜெயந்தினி திரையை இரண்டு தடவை பார்த்தாள். "நிக்கிறப்ப வளைவு இருக்குங்க அத்த. நடக்கிறப்ப அப்புடியே படுத்துருது."

"சவுக்காரத்துல புள்ளி வழுக்கியிருக்கும்" என்று பீலிக்குப் போனார் அத்தை. நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு, துடைக்காமலேயே கோபத்தில் விறுவிறுவென்று வந்தார். வாசலிலிருந்து பலகை வரைக்கும் காய்ந்த சீமெந்தில் ஈரத்தடம் விழுந்தது. அத்தனையும் முழுத்தடம்.

எல்லோரும் குனிந்து தடத்தைப் பார்த்தோம். அத்தையைக் கூட்டிப் போக வந்த அவர் வீட்டுக்காரர் சிவசாமி மாமாதான் வாசலில் நின்றபடி வாயைத் திறந்தார்.

"எங்க வீடு ஏன் வெளங்காமக் கெடக்குன்னு இப்பத்தான தெரியுது."

அத்தைக்கு வந்ததே கோபம். "என்ன வெளங்காமப் போச்சு? நான் மிதிச்சப்பறந்தான ஒங்களுக்கு மாடு வந்துச்சு, மரக்கறித் தோட்டம் வந்துச்சு. ராசா மாதிரி மகன் பொறந்தான். இன்னும் என்ன வெளங்கணும் ஒங்களுக்கு?"

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். சிரிப்பை அடக்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டேன். "அப்ப நானும் மிதிக்கலாமா அத்த?"

அத்தை மாமாவைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார்.

"மொதல்ல அந்தச் சவுக்காரத்தக் கழுவு" என்றார். "நம்ம வீட்டுத் தர வழுக்கும்."