பத்தாவது கண்ணாடி

...மூன்றாவது அறைவரை குனிந்தால் போதும், அதற்கப்புறம்தான் தவழ வேண்டும், அவருக்குத் தெரியும், தெரியும் என்பதும் வரைபடத்தில் பார்த்ததுதான், காகிதத்தில் அந்த இடம் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை, அந்தச் சுண்டுவிரலை இன்றைக்குத் தாண்டியாக வேண்டும், முன்னால் மனைவி, பின்னால் மச்சான், நடுவில் மாட்டிக்கொண்டவன் எந்தப் பக்கம் ஓடுவான்? தலைக்கவசத்தின் பட்டை தாடையை அறுத்தது. மேலே வாசலில் அதைக் கையில் கொடுக்கும்போதே வழிகாட்டி அம்மாள் அவரை அடையாளம் கண்டுகொண்டாள், சார் நீங்களா, வாங்க வாங்க என்றாள், அதோடு விட்டிருக்கலாம், பன்னிரண்டு பேரையும் திரும்பிப் பார்த்து, இந்தச் சுரங்கம் பத்திரமா இருக்குன்னு கையெழுத்துப் போட்ட இன்ஜினியரே இன்னைக்கு நம்மகூட வர்றாரு, இதுக்கு மேல என்ன வேணும் என்றாள். சிலர் கைதட்டினார்கள். மனைவி தன் அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள். அந்த ஒரு பார்வைக்காகத்தான் சீட்டு வாங்கியது, கார் பிடித்தது எல்லாம். இருபத்தைந்து வருஷமாக அவரை நாற்காலி இன்ஜினியர் என்று கிண்டல் செய்யும் அண்ணனை இங்கே கூட்டிவந்து காட்டிவிட வேண்டும் அவளுக்கு. அவர் வயிற்றுவலி என்று சொல்லிப் பார்த்தார். மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். ஆனால் வயிற்றுவலி என்று சொன்னபோதே, போனால் அதைப் பார்த்துவிடலாமே என்று உள்ளே ஒரு குரல் சொன்னதா இல்லையா? சொன்னது. எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

இரண்டாவது அறையில் வழிகாட்டி அம்மாள் நின்றாள். மேலே வழிபாட்டுக் கூடத்தைப் பகைவர்கள் எரித்தபோது துறவிகள் இதற்குள் இறங்கி மூன்று வருஷம் இருந்தார்கள், அவர்கள் ஏற்றிய விளக்குகளின் புகைதான் இந்தக் கறுப்பு, தொடாதீர்கள் என்றாள். பிறகு விளக்கைத் தூக்கிச் சுவரில் ஒரு கண்ணாடித் துண்டைக் காட்டினாள், விரல் அகலம், ஒரு சாண் நீளம், ஒரு விரிசலின் குறுக்கே இரண்டு முனையிலும் சாந்து வைத்து ஒட்டியிருந்தது. இது எதுக்கு தெரியுமா, சுவர் ஒரு மயிரிழை அசைஞ்சாலும் கண்ணாடி பட்டுனு உடைஞ்சிடும், இப்படிப் பத்து இருக்கு, பத்தும் முழுசா இருந்தாத்தான் உள்ள விடுவோம், சாரே வந்து ஒவ்வொண்ணாப் பாத்துட்டுத்தான் எழுதினாரு. ஆறு, அவர் மனதுக்குள் திருத்தினார், ஆறுதான் பார்த்தேன். முதல் மூன்று அறையில் உள்ள ஆறு. எட்டு மாதத்துக்கு முன்னால், அன்றைக்கும் இதே அம்மாள்தான் கூட வந்தாள். மூன்றாவது அறைமுடிவில் அந்தத் துளையைப் பார்த்தார், அடுப்புவாய் அகலம், உள்ளே இருட்டு, மார்பு அடைத்தது, மேசையில் பழைய வரைபடத்தை விட்டுட்டு வந்துட்டேன், கொஞ்சம் எடுத்துட்டு வாங்க என்று அவளை மேலே அனுப்பினார். அவள் போய்வர இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷமும் துளைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவள் காலடி கேட்டதும் தரையில் கிடந்த ஈர மண்ணை அள்ளி இரண்டு முழங்காலிலும் தேய்த்துக்கொண்டார். முழங்கைக்கும் கொஞ்சம். பிறகு அறிக்கையில் எழுதினார், ஏழு, முழுசு. எட்டு, முழுசு. ஒன்பது, முழுசு. பத்து, முழுசு. கீழே கையெழுத்து. அந்தக் கால்சட்டையை மூன்று தண்ணீரில் அலசிய மனைவி, பக்கத்து வீட்டுக்காரியிடம் அதைக் காட்டி, இவரு வேலை அப்படி என்று அலுத்துக்கொண்டாள், எவ்வளவு சந்தோஷமான அலுப்பு...

துளை வந்தது. ஒவ்வொருவராக உள்ளே போனார்கள், மனைவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இவரைப் பார்த்துச் சிரித்தாள், பயமா இருந்தா என் காலைப் பிடிச்சிக்கோங்க என்றாள், விளையாட்டுக்குத்தான், அவளுக்கு என்ன தெரியும், நாலாவது மாடிக்கு லிஃப்டைத் தொடாமல் ஏறுகிற புருஷன் உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர் என்று நினைத்திருக்கிறாள். இவர் முழங்கால் போட்டார். கல் குளிர்ந்தது. மாப்ளே, நீங்க முன்னாடி போங்க, நான் மாட்டிக்கிட்டா இழுக்க ஒரு ஆள் வேணும்ல என்று பின்னாலிருந்து மச்சான், பிறகு அவன் மூச்சு, மச்சானின் தொப்பை வழியை அடைத்ததும் பின்பக்க வெளிச்சம் போயிற்று. மூச்சை எண்ணு, நாலு எண்ணி இழு, நாலு எண்ணி விடு, யார் சொன்னது இது, ஏதோ பத்திரிகையில்... கூரை முதுகைத் தொட்டது. தொட்டதா உரசியதா? மேலே எவ்வளவு மண் என்று அவருக்குத்தான் தெரியும், பதினோரு மீட்டர், அதற்கு மேல் கூடத்தின் தூண்கள், அதை எல்லாம் கணக்குப் போட்டது யார், நீதான். கை வியர்த்து வழுக்கியது. முன்னால் மனைவியின் பாதம், வெடிப்பு விழுந்த குதிகால், இவ்வளவு வெடித்திருக்கிறதா இவள் கால், எப்போது கவனித்தோம்? அதையே பார்த்துக்கொண்டு போனார். அது நகர்ந்தால் இவர் நகர்ந்தார். என்னங்க, வர்றீங்களா என்று அந்தக் காலுக்கு அப்பாலிருந்து அவள் குரல். வர்றேன் என்றார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. மாப்ளே, அன்னைக்கு இதுல தனியாவா வந்தீங்க, சத்தியமா கும்பிடறேன் உங்களை, இனிமே நாற்காலின்னு சொன்னா என் நாக்கை வெட்டுங்க என்றான் மச்சான். கிண்டலே இல்லை அந்தக் குரலில். கிண்டல் செய்திருக்கலாம்.

நாலாவது அறையில் எழுந்து நின்று முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டார். ஏழாவது கண்ணாடி அங்கேதான் இருந்தது. முழுசு. தூசிபடிந்து சாம்பல் நிறம், ஓரத்தில் ஆறு வருஷத்துக்கு முந்தைய தேதி, சிவப்புப் பெயின்ட். எட்டும் முழுசு, ஒன்பதும். ஒவ்வொன்றையும் பார்க்கப் பார்க்க மார்பிலிருந்து ஒரு கல் இறங்கியது, அப்படியானால் நான் எழுதியது பொய்யில்லை, பார்க்காமல் எழுதினாலும் நிஜம் நிஜம்தானே, இல்லையா, இன்னும் ஒன்று, இன்னும் ஒன்றுதான், அது முழுசாக இருந்துவிட்டால் மேலே போய் இன்றைக்கு நன்றாகச் சாப்பிட வேண்டும். கடைசி அறை. கூட்டம் துறவிகளின் கற்கட்டிலைச் சுற்றி நின்றது. மச்சான் அதில் உட்கார்ந்து பார்த்து, இதுல ஒரு ராத்திரி படுத்தா என் பொண்டாட்டி ஒண்ணு துறவியாயிடுவா, இல்ல என்னைத் துறவியாக்கிடுவா என்றான், எல்லோரும் சிரித்தார்கள், மனைவியும். இவர் மூலைக்குப் போனார். டார்ச்சை அடித்தார். பத்து. முழுசு. முழுசு! ஒரு கணம், ஒரே ஒரு கணம்... பிறகு கண் தன் வேலையைச் செய்தது. மற்றதெல்லாம் தூசி, இந்தக் கண்ணாடி மட்டும் பளிச்சென்று. சாந்து வெள்ளை. அதே ஆறு வருஷத் தேதி, ஆனால் வேறு கை எழுதியது.

வழிகாட்டி அம்மாள் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். இது எப்ப மாத்தினது என்று கேட்டார், மெதுவாக. அவள் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். என்ன சார் புதுசாக் கேக்கறீங்க, அன்னைக்கே பாத்தீங்களே. நீங்க வர்றதுக்கு மொத நாள் பாத்தா ரெண்டாக் கெடந்துச்சு. பூட்டிடுவாங்களேன்னு பயந்து நானே ஒண்ணு ஒட்டினேன். சாந்துகூடக் காயலை, நீங்க விரலை வெச்சாலே தெரிஞ்சிருக்கும், மாட்டிக்கிட்டேன்னுதான் இருந்தேன். நீங்க ஒண்ணும் சொல்லாம முழுசுன்னு எழுதிட்டீங்க. சரி, சாருக்குத் தெரியாததா, அசைஞ்சாலும் ஆபத்தில்லைன்னு முடிவு பண்ணித்தான் விட்டிருக்காருன்னு நெனச்சேன். அந்தத் தைரியத்துலதான் சார் தினமும் நாலு தடவை ஆளுங்களக் கூட்டிட்டு வர்றேன், நான்தானே முன்னாடி நடக்கறேன்... பயமில்லைதானே சார்? இவர் சாந்தின் ஓரத்தில் நகத்தை வைத்தார். நகம் உள்ளே போயிற்று. புகைக்கரியின் மேல் அப்படியே அப்பியிருக்கிறாள், சுரண்டவில்லை, ஒரு முனை சுவரைப் பிடிக்கவே இல்லை. பிடிக்காத கண்ணாடி எப்படி உடையும்? சுவர் அரை அங்குலம் நகர்ந்தாலும் இது முழுசாகத்தான் இருக்கும். எட்டு மாதத்தில் எவ்வளவு நகர்ந்தது, யாருக்குத் தெரியும்? தெரிந்து சொல்ல வேண்டியது யார்?

எல்லாரும் திரும்புங்க என்றார். சத்தம் போடாம, ஒவ்வொருத்தரா, சுவர்ல கைய வெக்காதீங்க. சிரிப்பு நின்றது. மச்சான் கல்லிலிருந்து எழுந்து, இவர் முகத்தைப் பார்த்து, வரிசையில் போய் நின்றான். வழிகாட்டி அம்மாள் விளக்கைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள். வரிசை நகர்ந்தது. இவர் கடைசியில் நின்று ஒவ்வொரு தலையாகப் பார்த்து அனுப்பினார், துளைவரைக்கும். அதன் வாயில் மனைவி நின்றாள். என்ன ஆச்சுங்க? மேல போய்ச் சொல்றேன், நீ போ. அவள் போகவில்லை. அன்னைக்கு நீங்க பாத்தப்போ நல்லாத்தானே இருந்துச்சு? அவர் அவளுடைய தலைக்கவசத்தின் பட்டையை இறுக்கிவிட்டார். போ என்றார். அவள் குனிந்தாள், குதிகால் உள்ளே மறைந்தது, இவரும் முழங்கால் போட்டுக் கை ஊன்றினார், சுற்றிலும் இருட்டு, கூரை முதுகின் மேல், பின்னால் யாருமில்லை, அப்போதுதான் கவனித்தார், எண்ணாமலே மூச்சு வந்துகொண்டிருக்கிறது, மார்பு அடைக்கவில்லை, கை வியர்க்கவில்லை, தூரத்தில் துளையின் மறுமுனையில் வெளிச்சம் சின்னதாகத் தெரிந்தது, அங்கே ஒரு தலை குனிந்து, என்னங்க, வர்றீங்களா என்று கேட்டது, மேலே போய் அவளிடம் சொல்ல வேண்டும், அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கால் வரவில்லை...