கண் திறக்காத சுவர்

ராயபுரத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், பந்தல்காரனுக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் ஆள் வரும். ஆலிஸ் ஸ்டுடியோ என்றால் கல்யாணத்தைவிடச் சாவுக்குப் பேர்போனது. உடம்பை நாற்காலியில் உட்கார வைத்து, தாடைக்கட்டை மாலைக்குள் மறைத்துப் படம் எடுப்பேன். லேபில் கழுவி வந்ததும், மெல்லிய பிரஷ்ஷால் மூடிய இமைமேல் கண் வரைவேன். அதைக் கண் திறப்பது என்போம். இதில் எனக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு, செத்தவர்களுக்கு மட்டும்தான் திறப்பேன். கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை கண்ணை மூடித் தொலைத்தால், மறுபடி வந்து உட்காரு என்று திட்டுவேனே தவிர பிரஷ்ஷைத் தொட மாட்டேன்.

அதனால்தான் என் தம்பி சூசையின் படம் ஸ்டுடியோவில் மூடிய கண்ணோடு அப்படியே மாட்டிக் கிடந்தது. பிளாஷ் அடித்தால் கண்ணை மூடிக்கொள்கிற ரகம் அவன். சின்ன வயதில் சர்ச்சில் புதுநன்மை வாங்கிய படம் தொடங்கி வாக்காளர் அட்டைவரை ஒன்றில்கூட அந்தப் பயல் கண் திறந்ததில்லை. தொண்ணூற்றொன்பதில் காசிமேட்டிலிருந்து அவன் மீன்பிடிக்கப் போன லாஞ்சு கவிழ்ந்தது. போன ஐந்து பேரில் நாலு பேருடைய உடம்பு கரைக்கு வந்தது, சூசை வரவில்லை.

அவன் படத்தில் கை வைத்தால் நீ எனக்கு மகளே இல்லை என்று அம்மா சொல்லிவிட்டாள். கல்லறைத் திருநாளன்று அப்பாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுவாள், சூசைக்கு ஏற்ற மாட்டாள். பைத்தியம் என்று அவளைக் கிண்டல் செய்வேன். ஆனால் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் முதலில் திரும்புவது நான்தான்.

இரண்டாயிரத்து இரண்டு ஜனவரியில், எண்ணூர் நெடுஞ்சாலையில் இருந்த ஒரு தொழிற்சாலைக்கு மீன்கள்மேல் திடீர்ப் பாசம் பொங்கியது. இருபத்துநாலு மணி நேரமும் புகை விடுகிறவர்கள், கடலைப் பார்த்த மதில்சுவரில் அழிந்துவரும் கடல் உயிர்கள் நான்கை வரையச் சொன்னார்கள். வியாசர்பாடி பீம்ராவ் அண்ணன் வரைய, ஒவ்வொன்றையும் படம் எடுத்து பம்பாய் ஆபீசுக்கு அனுப்பும் வேலை எனக்கு. அதிகாரி அசோகன் சார் அவசரத்துக்கென்றே பிறந்தவர்.

பீம்ராவ் அண்ணன் ஆமைப் படம் ஒன்று கேட்டு என் ஸ்டுடியோவுக்கு வந்தார். சூசை படத்தின் முன் நெடுநேரம் நின்று, யார் என்று விசாரித்தார். சொன்னேன். அம்மா இன்னும் அவனுக்காகக் காத்திருப்பதையும் சொன்னேன். ஆமைப் படத்தை வாங்கிக்கொண்டு போனார்.

அவருக்கும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. எதை வரைந்தாலும் கண்ணை வைக்க மாட்டார். எல்லாம் முடிந்த பிறகு, கடைசி நாள் காலையில் சுவரைக் கழுவி, கற்பூரம் காட்டி, ஒரே மூச்சில் எல்லாவற்றுக்கும் கண் திறப்பார். அதுவரை மூடிய இமைதான். கண் திறந்தால்தான் உயிர் வரும், உயிர் வந்ததைப் பாதி உடம்போடு வெயிலில் நிறுத்தக் கூடாது என்பது அவர் கணக்கு.

முதலில் ஆமை. கண்ணில்லாத படத்தைப் பார்த்த அசோகன் சார், தூங்குகிற ஆமையையா பம்பாய்க்கு அனுப்புவது என்று போனில் கத்தினார். பீம்ராவ் அண்ணன் அசையவில்லை. சரி, என் கையில் இல்லாத வித்தையா என்று படத்தில் நானே கண் திறந்து அனுப்பினேன். மறுநாள் காலை, அந்தச் சுவருக்கு எதிரே கொட்டியிருந்த கருங்கற்களில் ஓர் ஆமை செத்து ஒதுங்கியிருந்தது. ஜனவரியில் ஆமை ஒதுங்குவது வழக்கம்தான். நான் கண்டுகொள்ளவில்லை.

அடுத்து வேளா. ரம்பம்போல நீண்ட மூக்குள்ள அந்த மீனை நம் பக்கத்தில் பார்த்து இருபது வருஷம் ஆகியிருக்கும். படத்தில் கண் திறந்தேன். மறுநாள் அதே கற்களில் வேளா கிடந்தது, கூட்டம் கூடிவிட்டது. மூன்றாவது கடற்பசு. அது இந்தக் கரைக்கே வராத பிராணி. அதற்கும் கண் திறந்தேன். மறுநாள் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பீம்ராவ் அண்ணனே ஸ்டுடியோவுக்கு வந்தார். அது ஒதுங்கிவிட்டது என்றார்.

"நீ யாருக்கும்மா கண்ணு தொறப்ப? பொணத்துக்குத்தான? நீ தொறந்தா அது பொணம்னு கடலுக்குத் தெரிஞ்சிபோச்சு" என்றார்.

உளறாதீங்க என்று கோபப்பட்டேன். ஆனால் அவர் போன பிறகு பிரஷ்ஷை டப்பாவில் போட்டு மூடினேன். பயந்துவிட்டேன், அதை மறைப்பானேன்.

நான்காவது திமிங்கலச் சுறா, முப்பது அடி நீளம். கண்டெய்னர் லாரிகள் விட்ட இடைவெளியில் சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்று எடுத்தேன். மறுநாள் திறப்பு விழா, அதற்குள் ஆல்பம் வேண்டும். சுறாவுக்குக் கண் வைக்க முடியாது, வேண்டுமானால் வேறு ஆளைப் பாருங்கள் என்று அசோகன் சாரிடம் சொல்லிவிட்டேன். மதியம் படம் லேபிலிருந்து வந்தது. தூசிப் புள்ளிகளையாவது சரிசெய்வோம் என்று பிரஷ்ஷை எடுத்தேன். சுறாவின் கண் பக்கமே போகவில்லை. ஒரு மீனையாவது பிழைக்க வைத்தோம் என்று மனசு நிறைந்திருந்தது.

படத்தின் மூலையில், சுறா எவ்வளவு பெரியது என்று காட்டுவதற்காக பீம்ராவ் அண்ணன் ஒரு சின்னப் படகு வரைந்திருந்தார். அதில் ஓர் ஆள். முகம் கடுகளவு, கண் மூடியிருந்தது. மனுஷ முகம் கண் மூடியிருந்தால் என் கை சும்மா இருக்காது. இருபது வருஷப் பழக்கம். இரண்டு புள்ளி வைத்து முடித்த பிறகுதான், சரியாக விழுந்ததா என்று லென்ஸை எடுத்துப் பார்த்தேன்.

இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. ஒரு பக்கமாகச் சரிந்த தலைமுண்டாசு. சூசை.

பஞ்சை நனைத்துத் துடைத்தேன். படத்தையே தண்ணீரில் ஊறப் போட்டேன். அந்தச் சாயம் படத்துக்குள் இறங்கிவிட்டால் வெளியே வராது, அது எனக்குத் தெரியும். தெரிந்தும் துடைத்துக்கொண்டே இருந்தேன். பிறகு ஸ்டுடியோவைப் பூட்டக்கூடத் தோன்றாமல் ஆட்டோ பிடித்துச் சுவருக்கு ஓடினேன்.

பீம்ராவ் அண்ணன் சாரத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். செய்ததைச் சொன்னேன். அவர் டீயைக் கீழே வைத்தார்.

"உங்கம்மாவுக்காகத்தாம்மா அவன வரஞ்சேன். நாளைக்கு நானே தொறந்துட்டா, எங்க இருந்தாலும் வூட்டாண்ட வந்துடுவான்னு நெனச்சேன்" என்றார்.

இப்போதே திறங்கள் என்று அவர் காலைப் பிடித்தேன். சுவரைக் கழுவவில்லை, கற்பூரம் காட்டவில்லை. முதன்முறையாகத் தன் கட்டுப்பாட்டை மீறி, சுவரிலிருந்த அந்தக் கடுகு முகத்துக்குக் கண் திறந்தார். சாலையில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. முதுகுக்குப் பின்னால் கடல் அலையே இல்லாமல் கிடந்தது, எனக்கு அந்தப் பக்கம் திரும்பப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை விழாவுக்குப் போட்டிருந்த நாற்காலிகள் காலியாக இருந்தன. எல்லாரும் கற்களின்மேல் நின்றுகொண்டிருந்தார்கள். அம்மா எனக்கு முன்பே அங்கே வந்திருந்தாள், யார் சொன்னார்களோ தெரியவில்லை. அழவில்லை. அவன் தலையை மடியில் வைத்திருந்தாள்.

மூன்று வருஷம் கடலில் கிடந்த உடம்பு இல்லை அது. ஊறவில்லை, மீன் கொத்தவில்லை. கன்னத்தில் இரண்டு நாள் தாடி. தொட்டேன், நெஞ்சில் இன்னும் சூடு மிச்சம் இருந்தது. நேற்று மதியம்வரை அவன் எங்கேயோ உயிரோடு இருந்திருக்கிறான்.

"படம் புடி" என்றாள் அம்மா. "எல்லா வூட்டுக்கும் புடிக்கற இல்ல. என் புள்ளைக்கும் புடி."

விழாவுக்குக் கொண்டுவந்திருந்த கேமராவை எடுத்தேன். சூசை என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், இரண்டு கண்ணும் நன்றாகத் திறந்திருந்தன. நான் திறந்ததா, பீம்ராவ் அண்ணன் திறந்ததா, தெரியவில்லை. பிளாஷ் அடித்தேன்.

அவன் கண்ணை மூடவில்லை.