காசியம்மாளின் குழந்தை சொன்னது

1974 முதல் 1988 வரை ஆரணியில் குழந்தை வைத்தியம் பார்த்த டாக்டர் பரசுராமனின் மடியில் கிடத்தினால் பச்சைக் குழந்தைகள் பேசும். மடியைவிட்டுத் தூக்கினால் பேச்சு நின்றுவிடும். நான்கு மாதக் குழந்தை ஒன்று, தரையில் விழுந்த பால்புட்டியின் ரப்பரை அம்மா முந்தானையில் துடைத்துத் தன் வாயில் வைத்ததைச் சொன்னது. இன்னொன்று, மூக்கில் எண்ணெய் ஊதிய அத்தையைக் காட்டிக்கொடுத்தது. டாக்டர் எல்லாவற்றையும் சீட்டில் எழுதிக்கொண்டு, "தண்ணிய கொதிக்க வெச்சு குடுங்க, கைய சோப்பு போட்டு கழுவுங்க" என்று சொல்லி அனுப்புவார். ஊர் அவரை நம்பவில்லை. குரல் மாற்றிப் பேசும் வித்தைக்காரர் என்றார்கள். எழுபத்தாறில், குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்க வந்த உளவாளி என்றார்கள். ஆனாலும் காய்ச்சல் வந்தால் அவரிடம்தான் ஓடினார்கள். வேறு போக்கு ஏது?

பட்டு நெய்யும் காசியம்மாளுக்கு சந்தேகத்தைவிடப் பயம்தான் அதிகம். காரணம் இருந்தது. முகூர்த்தச் சேலைகள் நெருக்கிய எழுபத்தேழு தை மாதத்தில், தறிக்குப் பக்கத்துத் தூளியில் ஆறு மாத மகள் அழாமல் தூங்கவேண்டும் என்று, தினமும் கசகசா வேகவைத்த தண்ணீரைச் சங்கில் புகட்டினாள். அந்தத் தெருவில் யார்தான் புகட்டவில்லை? ஆனால் புருஷன் பழனிக்குத் தெரியாது. மூத்த பிள்ளையைத் தூக்கத்திலேயே பறிகொடுத்தவன். தெரிந்தால் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுவான்.

ஒருநாள் குழந்தை பாலுக்கு எழவில்லை. "ஜல்தி கெளம்பு, டாக்டராண்ட போலாம்" என்றான் பழனி.

"பனி ஒத்துக்கல. தூங்கி எழுந்தா செரியாப் பூடும்" என்று மழுப்பிப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை. வாயைத் திறந்துவிடாதே தாயே என்று வழியெல்லாம் குழந்தையிடம் மனதுக்குள் கெஞ்சிக்கொண்டே போனாள்.

அவள் கேட்டபடியே ஆயிற்று. டாக்டரின் மடியில் முதன்முதலாக ஒரு குழந்தை வாய் திறக்காமல் கிடந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"என்னம்மா குடுத்தீங்க?"

"ஒண்ணும் இல்லீங்க" என்றவள் குழந்தையின் உதட்டைப் பார்த்துவிட்டுக் குனிந்தாள். "சொல்லுடி கண்ணு, சொல்லித் தொலடி" என்று கன்னத்தைத் தட்டினாள். அது அசையவில்லை. கடைசியில் அவளே சொன்னாள். "கசகசா தண்ணிங்க. மூத்ததுக்கும் அதான் குடுத்துகினு இருந்தேன்."

டாக்டர் ஊசி போட்டார். இரண்டு நாள் குழந்தைக்குச் குளுக்கோஸ் ஏறியது. பழனி அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மூன்றாம் நாள் டாக்டர் குழந்தையை மறுபடி மடியில் கிடத்தினார். அது அம்மாவைத் தேடிப் பார்த்து, "பசிக்குது" என்றது. காசியம்மாள் ஓவென்று அழுதாள். டாக்டர் அதையும் சீட்டில் எழுதிக்கொண்டார்.

பழனி அவள் பக்கம் திரும்பினான். "காதுல உழல? பசிக்குதாம். பால் குடு."